மீன் கவுன்டரில் அண்ணையின் குரல்

கனடாவில், மில்லிக்கனில் ஒரு கோழித் தொழிற்சாலை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வீதியோரம் நடந்துகொண்டிருந்தேன். படுக்க இடம் வேண்டும் என்று மல்வேர்னில் இருந்த அண்ணைக்குப் போன் எடுத்தேன். எடுத்தவர் பேசவில்லை. மேசையில் தட்டுவதுபோல் "டொக், டொக்" என்று மட்டும் கேட்டது. கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகு அண்ணி போனை வாங்கினார்.

"தம்பி, உங்கட அண்ணையை டொக்டர் கதைக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார். ரெண்டு தட்டு எண்டால் 'ஓம், வா'. ஒரு தட்டு எண்டால் 'இல்லை'."

"மூண்டு தட்டினால்?"

"அது எனக்கு. தேத்தண்ணி போடச் சொல்லி."

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரின் அட்டையில் அவருடைய பெயரும் படமும் இருக்கின்றன. எனக்கு அவர் அண்ணைதான், அப்படியே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை மயிலிட்டியில் பிறந்தார். ஐயா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு வள்ளத்தில் ஏறினார். பிறகு இடம்பெயர்ந்தோம், முகாமில் இருந்தோம், ஒருவர் பின் ஒருவராகக் கனடா வந்தோம். இதை நீட்டத் தேவையில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அதே வழியால் வந்தவர்கள்தான்.

அலைச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல் அவருக்கு அஜின்கோர்ட்டில் ஒரு மீன்கடைக் கவுன்டரில் வேலை எடுத்துக் கொடுத்தது. மீன் வெட்டும் மெஷின் இரையும். அதற்கு மேலால், "நாப்பத்தொண்டு! பாரை, குழம்புக்கு வெட்டினது!" என்று அவர் கூப்பிட்டால் வெளியே கார் நிறுத்துகிறவருக்கும் கேட்கும். மீன் வாங்க வருகிறவர்கள் பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் நோ எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கதைக்காகவே அவர் வேலைக்குப் போனார் என்று அண்ணி சொல்லுவார்.

அந்தக் குரல்தான் அடைத்துப்போனது. குளிர் என்று நினைத்துப் பல மாதம் கவனிக்காமல் இருந்துவிட்டார். சில வாரங்களுக்கு மேல் குரல் கரகரத்தால் உடனே காட்டியிருக்க வேண்டும் என்று டொக்டர் ஏசினாராம். மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். வலை இழுத்த கையில் காய்ப்பு விழுவதுபோல, கத்திக் கத்திக் குரல்நாணில் காய்ப்பு விழுந்திருந்தது. கொஞ்ச நாள் வாய் திறக்கக்கூடாது, பிறகு குரலுக்குப் பயிற்சி. அதற்கும் மாறாவிட்டால் ஒப்பரேஷன், அதற்குப் பிறகு கவுன்டர் வேலை நிச்சயமில்லை. கடை முதலாளியை எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் அண்ணையைப் பின்னால் செதில் சுரண்ட விட்டிருந்தார். அங்கே கதைக்க மீனைத் தவிர ஆளில்லை. அண்ணை சாப்பாட்டில் கை வைக்காமல் எழும்பினதை அந்த நாட்களில்தான் கண்டேன்.

நம்முடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? தொண்டைக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டவுடன் கொத்தமல்லித் தண்ணீரோடு வீடு நிறைய வந்து, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணை குசுகுசுத்துப் பதில் சொன்னார். அடுத்த முறை டொக்டரிடம் போனபோது காய்ப்புக் குறையவில்லை. குசுகுசுப்பதும் தொண்டையை வருத்தும் என்று அங்கே குரல் பயிற்சி கொடுக்கும் பெண்மணி விளங்கப்படுத்தினார்.

"கதைக்கக்கூடாதெண்டுதானே சொன்னவை. குசுகுசுக்கக்கூடாதெண்டு ஆர் சொன்னது?" என்று காரில் வரும்போது அண்ணை கேட்டார். அதையும் குசுகுசுத்துத்தான் கேட்டார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணை தட்டினாரே தவிரக் குசுகுசுக்கவில்லை.

வருகிறவர்களை மறிக்க வாசலில் நான் நின்றேன். "அண்ணை கதைக்கக்கூடாது" என்றேன்.

"சரி தம்பி, ஒரு சொல்லு மட்டும் சொல்லச் சொல்லும். கேட்டிட்டுப் போறம்."

இப்படிக் கேட்டவர் இதை வாசிப்பார். கோபிக்க வேண்டாம்.

நானாவிடம் கேட்டு அண்ணையைத் திரும்பவும் கவுன்டருக்குக் கூட்டிவந்து, கடையிலும் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் விரலால் காட்டுவார், நான் கத்துவேன். பயிற்சி தொடங்கியதும் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, கிளாஸ் தண்ணீருக்குள் ஸ்ட்ரோவை வைத்து "ஊ..." என்று குமிழி விடுவார். இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்தார், உறைப்பைக் குறைத்தார். செரும வந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். ஒரு சனிக்கிழமை கடை நிறையச் சனம். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"ஏன்ரா இப்பிடிக் கத்திறாய்? ஆக்கள் பக்கத்திலதானே நிக்கினம்."

திரும்பிப் பார்த்தேன். அண்ணையின் பழைய குரல், சின்னதாக. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அன்றே நானாவிடம் சொல்லிக் கவுன்டரில் ஒரு மணி கட்டுவித்தார். ஆட்களைக் கூப்பிட மணி, கதைக்கக் குரல். நான் வழக்கம்போல வேலையை விட்டுவிட்டு எட்மன்டன் பக்கம் போய்விட்டேன். அண்ணை அந்தக் குரலைப் பல வருடம் பழுதில்லாமல் வைத்திருந்தார்.

சென்ற வருடம் அண்ணை நெஞ்சு வருத்தத்தில் படுத்தபோது வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தாதிமாரோடு ஒரே கதை. நான் பக்கத்தில் இருந்து செருமினேன். "செருமாதை. தண்ணியைக் குடி" என்றார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பயிற்சி கொடுத்த பெண்மணிக்கும், சாவீட்டுத் துடக்கு நாட்களில் எங்களைச் சமைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், மீன் வாங்கின பழக்கத்துக்காகவே இறுதிக் கிரியைக்கு வந்து நின்றவர்களுக்கும் எங்கள் நன்றி. கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கும்தான். அண்ணியின் பொறுமைக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின்னேரம் நானா வந்தார். "தம்பி, துடக்கு முடியட்டும் எண்டுதான் பொறுத்தேன். நாளைக்குக் கவுன்டருக்கு வாறீங்களா?"

நான் மேசையில் இரண்டு முறை தட்டினேன். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் காலை அண்ணையின் ஏப்ரனைக் கட்டி, கிளாசில் தண்ணீர் எடுத்துக் குமிழி விட்டேன். முதல் ஆளாக ஒரு அன்ரி வந்து, "பாரை இருக்கோ?" என்றார். மணியை ஒருக்கால் அடித்துவிட்டு, கத்தாமல், "இருக்கு அன்ரி. முழங்கால் நோ இப்ப எப்பிடி?" என்று கேட்டேன்.