திருச்சிக்கு ஒரு பாயிண்ட் டு பாயிண்ட்

அப்பா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி வைத்து, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களை விரட்டி அனுப்புகிற வேலை. அரியலூர் வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் அன்றைக்குச் சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்த மூன்று கடிகாரங்களையும் அதிகாரம் பண்ணினார். காலைச் செய்திக்கு முன் வானொலியில் வரும் பீப் ஒலிக்கு மூன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் காபி. அப்பேர்ப்பட்ட மனிதரால்தான் 2006இல் எனக்கு வேலை போகப் பார்த்தது.

நான் அப்போது திருச்சியில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பஸ். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஹாஸ்டலில் தங்கலாம் என்றால் அப்பா கடிகாரங்களோடுதான் பேசிக்கொண்டிருப்பார் என்று போகவில்லை. அப்படி இருக்கையில் கம்பெனியில் இடத்தைக் குறைத்துவிட்டு, பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். ஒரே நிபந்தனை: வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆபீசோடு இணைத்து ஒரு ஃபைல் அனுப்பிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

இணைப்பதற்கென்று ஒரு சிடி கொடுத்தார்கள். அதிலிருந்ததுதான் வி.பி.என். நோயாளிகளின் அந்தரங்கம் என்பதால் வெளியாள் கண்ணில் படாமல், இன்டர்நெட்டுக்குள்ளேயே நம் வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் தனியாக ஒரு மூடிய பாதை போட்டுக்கொள்கிற ஏற்பாடு. அப்பாவுக்கு விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வழியில ஆளு ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. திருச்சிக்கு பாயிண்ட் டு பாயிண்ட், அப்படித்தானே?” என்றார். எங்கள் ஆபீசில் யாரும் அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை நான் அதுவரை அதிகம் தொட்டதில்லை. அது அப்பாவின் ராஜ்ஜியம். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்து, அதைப் போட்டு வைத்திருந்தார். செட்டிகுளம், ரெட்டிபாளையம் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளை பிறந்த நேரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அப்பா கட்டம் போட்டுக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். “பொறந்த டைம யாரு கரெக்ட்டா குறிச்சாங்க?” என்று மட்டும் போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். இலவச சிடி எத்தனை நாளைக்கு ஓடும் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அந்த வாரம் நன்றாகப் போயிருக்கும்.

திங்கட்கிழமை சிடியைப் போட்டேன். எல்லாம் ஒழுங்காக ஏறியது. இணைப்பை அழுத்தினால் பத்து எண்ணுவதற்குள் அறுந்துவிடும். செய்திப் பக்கம், சினிமாப் பக்கம் எல்லாம் சாதாரணமாகத் திறந்தன. பூட்டுப் படம் போட்ட பக்கம் எதுவானாலும், பேங்க்கோ ஆபீஸ் மெயிலோ, திறக்க மறுத்தது. லைனில்தான் யாரோ தடை போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி டெலிபோன் ஆபீசுக்குப் போய் நின்றேன். லைன்மேன் வந்து பார்த்து, டீ குடித்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பாதுகாப்புக்கு இருந்த ஃபயர்வாலை அணைத்தேன். வி.பி.என்னைக் கழற்றி மறுபடி போட்டேன். மூன்று முறை.

வியாழக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தோம். எங்கள் போன் கூடத்தில், கம்ப்யூட்டர் உள் அறையில். ஒயர் எட்டவில்லை. அதனால் அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் கேட்பதை எனக்குச் சொல்வதும், நான் கத்துவதை அந்தப் பக்கம் சொல்வதுமாக இருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டு வந்த இன்ஜினியர், கம்ப்யூட்டரில் டைம் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அதை மட்டும் அப்பா என்னிடம் சொல்லவில்லை. அவர் இலாகா அல்லவா. “டைமெல்லாம் செகண்டு கூடத் தப்பாது சார், நான் கேரண்டி” என்று அவர் கம்பீரமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எந்த டைம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை நான்கு மணி. கூடத்தில் ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஜாதகத்துக்காக வந்து காத்திருந்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், வி.பி.என். தன் பாட்டுக்கு எழுதி வைத்திருந்த குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் தன்னை இன்னாரென்று நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டுமாம். அது இன்னும் செல்லுபடியாக ஆரம்பிக்கவே இல்லை என்று எழுதியிருந்தது. அப்புறம்தான் வரிகளின் தொடக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். திங்கள் முதல் சனி வரை நான் மல்லுக்கட்டியது எல்லாம் ஒரே நாளில் நடந்திருந்தது. போன வருடம் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மணி மட்டும் நிமிடம் பிசகாமல் சரியாக இருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“ஜாதக சிடி முப்பது நாள்ல பூட்டிக்கும்னு போட்டிருந்துச்சு. தெனம் காலையில தேதிய மட்டும் பின்னாடி தள்ளி வெச்சிருவேன். டைமத் தொட்டதில்ல பாப்பா.”

நான் விருந்தாளிகள் இருப்பதையும் பார்க்கவில்லை. “உங்க ஜாதகத்துக்காக என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேப்பா” என்றேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அவர் குனிந்து அந்தத் தேதியை ஒருமுறை படித்தார். பிறகு, “மாத்து. இன்னைக்குத் தேதிய வையி” என்றார். கூடத்துக்குப் போய், கம்ப்யூட்டர் இன்றைக்கு இல்லை, கையாலேயே எழுதித் தருகிறேன் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லிப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

தேதியை மாற்றி இணைப்பை அழுத்தினேன். திரையின் ஓரத்தில் சின்னப் பூட்டு ஒன்று மூடிக்கொண்டது, அறுபடவில்லை. ஐந்தாக இருபது நிமிடம் இருந்தபோது ஃபைல் போய்ச் சேர்ந்தது.

“வண்டி கெளம்பிருச்சா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

“கெளம்பிருச்சுப்பா.”

அந்தக் குடும்பம் போன பிறகும் அப்பா எழுதிக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் மிச்சமாகி வந்த பழைய ரெஜிஸ்டர். அரியலூர், ஜெயங்கொண்டம், துறையூர் என்று வண்டி எழுதும் இடத்தில் பிள்ளைகளின் பெயர், புறப்பாடு என்ற இடத்தில் பிறந்த நேரம். தேதியை முன்னால் நகர்த்தியதும் உள்ளே இருந்த ஜாதகமெல்லாம் அழிந்திருக்கும் என்று நினைத்து, ஞாபகத்தில் இருந்தவற்றை எழுதிக்கொண்டிருந்தார். ஐந்நூறு பிள்ளைகளாவது இருக்கும். அத்தனையும் போய்விடும் என்று நினைத்தும் அவர் மாற்றச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றும் அழியாது, தேதியைப் பின்னால் வைத்தால் பழையபடி திறக்கும் என்று உள்ளே அழைத்துப் போனேன். திறந்தது. பெயர்கள் வரிசையாக வந்தன. பஸ்ஸெல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். நானும் கூடவே படித்தேன். தெருப் பிள்ளைகள், சொந்தக்காரப் பிள்ளைகள், முகம் தெரியாத ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். என் பெயர் இல்லை.

“என்னோடதக் காணமே?”

“ஒனக்குக் கையால எழுதுன நோட்டு இருக்குல்ல” என்றார். நான் விடாமல் அவரையே பார்க்கவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் போன வருசத்துல நிறுத்தி வெச்சுத்தான் பாத்தேன். ஒன்னைய நிறுத்த மனசு வரல பாப்பா.”

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. காபி போட்டுக் கொடுத்தேன்.

திங்கள் முதல் எங்கள் வீட்டில் ஒன்பது மணி வரை போன வருடம், ஒன்பதுக்கு மேல் இந்த வருடம் என்று ஆகிவிட்டது. ஒன்பதாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா ஜாதகத்தை மூடுவார், தேதியை இன்றைக்குக் கொண்டுவந்து வைப்பார், என் நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “டைம் ஆச்சு” என்று குரல் கொடுப்பார். அந்த வேலையில் இருந்த வரைக்கும் நான் ஒரு நாள் கூடத் தாமதமாக உட்கார்ந்ததில்லை.