யாரிடமும் சொல்லக்கூடாது என்ற விதி

1. முதல் செஷன்

செகந்திராபாத் பக்கம் மெட்டுகுடாவில் ஒரு மாடிப் போர்ஷன்தான் எங்கள் சென்டர். பாலியல் கொடுமையிலிருந்து மீண்டுவரும் குழந்தைகளுக்குச் சனிக்கிழமைதோறும் அங்கே குரூப் தெரபி நடக்கும். ரிட்டயர் ஆன பிறகும் சனிக்கிழமை வந்தால் அந்தப் பச்சைப் பாயும் வாசலில் கிடந்த ஏழு ஜோடிச் செருப்பும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. போய் உட்கார்ந்துகொள்ள ஏக்கமாக இருக்கிறது.

நான் தனியாக நடத்திய முதல் செஷனுக்கு டிரெய்னிங் நோட்டை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் விதி, கான்ஃபிடென்ஷியாலிட்டி. “இங்க பேசறத வெளிய யாருகிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?” என்று தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, சிரித்த முகமாகச் சொன்னேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வரும் நித்யா கிரயானைக் கீழே வைத்தாள். ஒன்பது வயது. எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். “நக்கோ” என்றாள். வேண்டாமாம்.

2. அம்மாவின் போன்

சாயங்காலம் அவள் அம்மா கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் சுட்டது.

“மேடம், அந்த ஆளும் இதேதான் சொல்லிருக்கான், யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. ஒரு வருஷம் வாயத் தொறக்கல இவ. இப்போ நீங்களும் அதையே சொல்றீங்க. இனிமே வரமாட்டாளாம்.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது குழந்தையின் வாயையே அடைத்துவிட்டது. வெட்கத்தோடு, அடுத்த வாரம் வாசல்படி வரைக்குமாவது அழைத்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

3. அடுத்த சனிக்கிழமை

நித்யா செருப்போடு வாசலிலேயே நின்றாள். எல்லாக் குழந்தைகள் முன்னாலும் சொன்னேன்: “போன வாரம் நான் தப்பா சொல்லிட்டேன். உங்களுக்கு நடந்தத நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம். அடுத்தவங்களுக்கு நடந்தத மட்டும் அவங்கள கேக்காம சொல்லக்கூடாது.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நீங்க தப்பா சொன்னீங்கன்னு சொல்லலாமா?”

“தாராளமா.”

செருப்பைக் கழற்றினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிரயான் டப்பாவைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து புதிதாக யார் வந்தாலும் விதியைச் சொல்லும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். “ஆன்ட்டி தப்பா சொன்னா அதையும் சொல்லலாம்” என்ற வரியை ஒருநாளும் விட்டதில்லை.

இப்போது அமீர்பேட்டில் வேலை பார்க்கிறாள். விதி எனக்கும் உண்டல்லவா? பெயரை மாற்றி இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன்.

“எழுதுங்க ஆன்ட்டி,” என்றாள். “உங்க தப்ப மட்டும் விட்டுடாதீங்க.”

விடவில்லை, நித்யா.