நோர்வேயிலிருந்து வந்த நோயாளி

நான் ஆபிரிக்காவுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்ற செய்தி ஒஸ்லோவில் ரொம்மனிலிருந்து புருசெத் வரைக்கும் பரவியதற்கு நானே முழுப் பொறுப்பு. தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் நிற்பவரிடம், "இந்த முறை கனக்க வாங்கேல்லை, வாற மாதம் தன்சானியா போறன்" என்பேன். அவர் என்னிடம் எதுவுமே கேட்டிருக்க மாட்டார்.

என் பெயர் மரியரஞ்சனி. ஊர் யாழ்ப்பாணத்துக் குருநகர். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். காலையில் முதியவர்களை எழுப்பி, கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, சன்னலோரம் கதிரையில் இருத்திவிடுவது என் தொழில். இதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அந்த எண்ணத்துக்கு நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

2006ஆம் ஆண்டு. சேர்த்துவைத்த லீவில் யாழ்ப்பாணம் போவதாகத்தான் இருந்தேன். ஆவணியில் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. லீவு கையில் இருந்தது, போக இடமில்லை. அந்த நேரத்தில் என்னோடு வேலை செய்கிற இங்கெபியோர்க், தன்சானியாவில் தான் தொண்டு செய்துவிட்டு வந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் படங்களைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினாள். எல்லாப் படத்திலும் அவளைச் சுற்றிப் பிள்ளைகள். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நோர்வேக்கு வந்த நாளிலிருந்து எனக்குத்தான் மற்றவர்கள் ஜக்கெட் தந்தார்கள், மொழி சொல்லித்தந்தார்கள், கவனமாகப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருமுறையாவது கொடுக்கிற பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. "இறைவன் அழைச்சவர்" என்றுதான் சொன்னேன்.

என் கணவர் யோகலிங்கம் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு இறைவன்மீது சந்தேகமில்லை, என்மீதுதான்.

"உமக்கு இஞ்சை கழுவினது காணாதோ? அங்கை போயும் கழுவப்போறீரோ?"

"இஞ்சை கழுவிறது வேலை. அங்கை கழுவிறது சேவை."

"தண்ணி ஒண்டுதானே."

மகன் கீர்த்தனனுக்குப் பதினைந்து வயது. "அம்மா, எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ. சரியான பின்லி" என்றான். வெட்கக்கேடு என்பதற்கு இங்கே பிள்ளைகளுக்கு வாயில் வருகிற நோர்வேச் சொல் அது. அவன் அதை என்னைப் பற்றித்தான் அதிகம் பாவிப்பான்.

பங்கு மண்டபத்தில் பிரிவுபசாரம் நடந்தது. சங்கத் தலைவர் அருட்செல்வம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பேச்சைத் தொடங்கும்போது நான் "பராமரிப்பாளர்". நடுவில் "தாதி". முடிக்கும்போது "மருத்துவ நிபுணர்". திருத்தியிருக்கலாம். ஆனால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

டார் எஸ் சலாம் விமான நிலையத்தில் "நோர்வே தாதி" என்று எழுதிய மட்டையோடு ஒருவர் நின்றார். பெயர் யோனா, ஆஸ்பத்திரிச் சாரதி. நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் விலகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"நான்தான் நீங்கள் பார்க்கிற ஆள்" என்றேன்.

"இல்லை, நான் நோர்வேக்காரரைப் பார்க்கிறேன்."

"நான் நோர்வேக்காரி."

இந்த வசனத்தை என் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை சொன்னேன். ஒஸ்லோவில் சொல்லிப் பார்க்கத் துணிந்ததில்லை. யோனாவும் நம்பவில்லை. கடவுச்சீட்டை வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "முஹிந்தி" என்று தனக்குள் சொன்னார். இந்தியர் என்று பொருள். அங்கே இந்தியர் என்றால் கடைக்காரர். வழியில் தேநீருக்கு நின்ற இடத்தில் ஒரு அம்மா என்னிடம் வந்து சீத்தைத் துணி என்ன விலை என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி ஒரு மலைச்சரிவில் இருந்தது. தலைமைத் தாதியான மேற்றன் எஸ்தர் உயரமான, நிதானமான பெண்மணி. முதல் நாள் காலை என்னை இருத்தி வைத்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"சேலைன் ஏற்றுவீர்களா?"

"இல்லை."

"பிரசவம் பார்ப்பீர்களா?"

"இல்லை."

"காயத்துக்குத் தையல்?"

"இல்லை."

"அப்படியென்றால் அங்கே என்னதான் செய்கிறீர்கள்?"

"வயதானவர்களைக் கழுவுவேன். உடுப்பு மாற்றுவேன். சாப்பாடு தீத்துவேன். நித்திரைக்குக் கிடத்துவேன்."

மேற்றன் பேனையை மூடி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "ஏன், அங்கே யாருக்கும் பிள்ளைகள் இல்லையா?"

அந்தக் கேள்வியின் பொருள் வார்டுக்குள் போனபிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு கட்டிலோடும் ஒரு குடும்பம் இருந்தது. கட்டிலில் நோயாளி, கட்டிலுக்குக் கீழே பாயில் தங்கச்சி, வெளியே கொட்டிலில் மூன்று கல் வைத்துச் சமைக்கிற தாய். கழுவுவது, தீத்துவது எல்லாம் அவர்கள் பாடு. ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கும், ஊசி போடும். சோறு தண்ணி கொடுக்காது.

நான் விடவில்லை. ஒஸ்லோவிலிருந்து கையுறைகள் கொண்டுபோயிருந்தேன். அவற்றைப் போட்டுக்கொண்டு, ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து, மூலைக்கட்டிலில் கிடந்த வயதான அம்மாவிடம் போனேன். அவருடைய கையைத் தூக்கியதுதான் தாமதம், பின்னாலிருந்து யாரோ பேசினைப் பறித்தார்கள். என் வயதுப் பெண். படபடவென்று சுவாஹிலியில் ஏசினாள். வார்டு முழுக்க எங்களைப் பார்த்தது.

"என்ன சொல்கிறார்?" என்று மேற்றனைக் கேட்டேன்.

"என் தாய் பிள்ளை இல்லாதவளா, இந்தக் கடைக்காரி எதற்கு அவளைத் தொடுகிறாள் என்று கேட்கிறார்."

அவளுடைய பெயர் மாமா நீமா. நீமாவின் அம்மா என்று அர்த்தம். அங்கே பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பேரால்தான் கூப்பிடுவார்கள். அந்த வழக்கப்படி நான் மாமா கீர்த்தனன்.

அடுத்த நாள் மாமா நீமாவிடம் கைச்சாடையால் கெஞ்சி, பேசினை ஒரு நிமிடம் வாங்கி, அவளுடைய தாயின் பக்கத்தில் குனிந்து நின்று யோனாவைக் கொண்டு ஒரு படம் எடுப்பித்தேன். படம் எடுத்ததும் அவள் பேசினைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அதை "இன்றைய பணி" என்று தலைப்புப் போட்டு ஒஸ்லோவுக்கு அனுப்பினேன். உண்மையில் அன்றைய பணி பஞ்சு உருட்டியது. அதற்கு மறுநாள் பணியும் பஞ்சுதான்.

இனிக் காய்ச்சலுக்கு வருவோம். ஒஸ்லோவில் ஒரு இளம் டொக்டர் மலேரியாவுக்கு முன்கூட்டியே போடும் குளிசை எழுதித் தந்து, ஒரு நாளும் தவறவிடாதே என்று சொல்லியிருந்தாள். போட்டால் கெட்ட கனவு வந்தது. விட்டுவிட்டேன். தொலைபேசியில் யோகலிங்கம் கேட்டபோது, "நாங்கள் நுளம்போடை பிறந்து வளர்ந்த ஆக்கள். இதெல்லாம் வெள்ளைக்காரருக்கு" என்று சொன்னேன். குருநகர் நுளம்புக்கும் அந்த மலை நுளம்புக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். யோனாவுக்கு முன்னால் அவ்வளவு உறுதியாக நோர்வேக்காரியாக நின்ற நான், நுளம்பு என்றதும் யாழ்ப்பாணத்தாளாகிவிட்டேன்.

பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தபோது குளிர் பிடித்தது. பனிக்குளிருக்குப் பழகிய உடம்பு என்று சமாளித்தேன். பல் அடிக்கத் தொடங்கியதும் மேற்றன் வந்து நெற்றியைத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் நான் பெண்கள் வார்டில், கையில் குயினைன் சேலைனோடு, கட்டிலில் கிடந்தேன். அந்த மருந்துக்குக் காதுக்குள் பங்குக்கோயில் மணி விடாமல் அடித்தது. தன்சானியாவுக்கு உதவி செய்ய வந்தவள், ஒரு தன்சானியப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கவேண்டிய கட்டிலையும் மருந்தையும் எடுத்துக்கொண்டாள்.

மேற்றன் என் பக்கத்தில் இருந்து கேட்டார். "உங்கள் ஆள் யார்? யார் சாப்பாடு தருவார்கள்?"

யாருமில்லை. அழுகை வந்தது. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்திருந்த மூலைக்கட்டிலடியிலிருந்து மாமா நீமா எழுந்து வந்தாள். தன் தாய்க்குக் காய்ச்சிய கஞ்சியில் பாதியைக் கோப்பையில் ஊற்றி, என் தலையைத் தன் மடியில் வைத்து, கரண்டியால் தீத்தினாள். சீனி போட்ட கஞ்சி. எனக்குக் கஞ்சி என்றால் உப்பு வேண்டும். அந்த நிலையிலும் முகத்தைச் சுளித்தேன். அவள் என் மூக்கைப் பிடித்து அடுத்த கரண்டியை உள்ளே விட்டாள். ஒஸ்லோவில் அப்படிச் செய்தால் வேலை போகும்.

கஞ்சி முடிந்ததும் பேசினைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு சுவாஹிலி தெரியாது. நோர்வே மொழியில் சொன்னேன், தமிழில் சொன்னேன். அவள் கேட்கவில்லை. திரைச்சீலை கிடையாது. கையுறை கிடையாது. முதலில் முகம், பிறகு கைகள், முதுகு, கால் என்று ஒழுங்கு உண்டு; அதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான். அவள் காலில் தொடங்கி, முதுகுக்குப் போய், கரி பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். தேய்க்கும்போது வார்டு முழுவதோடும் கதைத்துச் சிரித்தாள்.

இத்தனை வருடமாக எத்தனையோ பேரை நான் கழுவியிருக்கிறேன். என்னை யாரும் கழுவியதில்லை. சிலர் ஏன் என் கையைத் தட்டிவிடுகிறார்கள், ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொள்கிறார்கள் என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு. அன்று நானும் சுவரைப் பார்த்துத்தான் திரும்பினேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "போலே, மாமா கீர்த்தனன், போலே" என்றாள். பாவம், பொறுத்துக்கொள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

அந்த நேரம் பார்த்து மேற்றனின் தொலைபேசிக்கு யோகலிங்கம் எடுத்திருக்கிறார். மேற்றன் வெளியே போயிருந்ததால் யாரோ எடுத்து, "மாமா கீர்த்தனன்" என்று ஏதோ சொல்லி, தொலைபேசியை என் காதில் வைத்தார்கள்.

"ஆர் உந்த மாமா? உம்மடை அண்ணர் அங்கை வந்து நிக்கிறாரோ?"

"இல்லையப்பா, நான்தான் மாமா."

"என்ன?"

"நான்தான் கீர்த்தனன்ரை மாமா."

"ரஞ்சனி, உமக்குக் காய்ச்சல் தலைக்கேறிட்டுது. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார். வரவேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் மாமா நீமா என் கையில் வாளியைத் தந்தாள். இனி நான் அவளுடைய ஆள். தண்ணீர் அள்ளினேன், விறகு பொறுக்கினேன். கொண்டுவந்த மிளகாய்த்தூளில் ஒருநாள் பருப்புக் கறி வைத்தேன். கொட்டில் முழுக்க இருமல். யோனா மட்டும் கண்ணீர் வழிய இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். மற்றவர்கள் அதற்குப் பிறகு என்னை அடுப்புக்கு விடவில்லை, பாத்திரம் கழுவ விட்டார்கள்.

நான் திரும்பப் போகிற கிழமையில், விடிந்து சற்று நேரத்தில், மாமா நீமாவின் தாய் இறந்தார். அவள் கத்தி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினில் தண்ணீர் எடுத்துவந்தாள். நான் விலகி வாசலில் நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, கட்டிலின் மற்றப் பக்கத்தைக் காட்டினாள்.

போய் நின்றேன். இருவருமாகக் கழுவினோம். அவள் காலில் தொடங்கினாள், நான் முகத்தில் தொடங்கினேன். நடுவில் கைகள் முட்டிக்கொண்டன. புதிய துணியைச் சுற்றும்போது அவள் தாயின் காதில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. என்னுடைய அம்மா குருநகரில் இறந்தபோது நான் ஒஸ்லோவில் இருந்தேன். யார் கழுவினார்கள் என்று இன்றுவரைக்கும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்கவேண்டும்போல் இருந்தது.

ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் அருட்செல்வம் மண்டபத்தில் என்னைப் பேச வைத்தார். உள்ளதைச் சொன்னேன். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை, பஞ்சு உருட்டினேன், குளிசை போடாமல் காய்ச்சலில் விழுந்தேன், அங்கத்தைய ஒரு மனிசிதான் என்னைக் கழுவித் தீத்திக் காப்பாற்றினாள் என்றேன். சனம் நன்றாகச் சிரித்தது. நிம்மதியாக வந்து இருந்தேன். அருட்செல்வம் ஒலிவாங்கியைப் பிடித்தார். "தன் உயிரையும் பொருட்படுத்தாமல் கொடிய நோயோடு போராடியபடியே அந்த மக்களுக்குப் பணிசெய்து திரும்பிய எங்கள் சகோதரி, எவ்வளவு தன்னடக்கத்தோடு பேசினார் பார்த்தீர்களா?" சனம் எழுந்து நின்று கைதட்டியது. கீர்த்தனன் எழும்பி வெளியே போனான்.

வேலைக்குத் திரும்பினேன். யாராவது சுவரைப் பார்த்துத் திரும்பினால் கொஞ்சம் பொறுத்துக் கொள்கிறேன். மூக்கைப் பிடிப்பதில்லை.

நான் திரும்பிவந்த அடுத்த வருடம் மாமா நீமா ஒரு கைத்தொலைபேசி வாங்கிவிட்டாள். இரண்டு தரம் மணி அடித்துவிட்டு வைப்பாள், நான் திருப்பி எடுக்கவேண்டும். எனக்குத் தெரிந்த சுவாஹிலி ஒரு கைப்பிடி. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அதிலும் குறைவு. இருந்தாலும் அரைமணித்தியாலம் கதைப்போம்.

ஒருநாள் கதைத்துவிட்டு வைத்தபோது யோகலிங்கம் கேட்டார். "இவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீர்?"

"அவளின்ரை மாடு கண்டு போட்டிருக்கு. இல்லாட்டி மாடு செத்துப்போச்சு. ரெண்டிலை ஒண்டு."

"அதுக்கு நீர் என்ன சொன்னீர்?"

"சந்தோசம் எண்டு சொல்லிச் சிரிச்சன்."

"செத்திருந்தால்?"

உடனே திரும்ப எடுத்தேன். கன்றுக்குச் சொல் தெரியாது. ரொம்மனில் எங்கள் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று, தொலைபேசிக்குள் "ம்ம்மா" என்று கத்தினேன். மறுமுனையில் பெரிய சிரிப்பு, காலடிச் சத்தம், கொட்டில் கதவு திறக்கிற ஓசை. அதற்குப் பிறகு, மெல்லிய, சின்னக் குரலில் ஒரு "ம்மே".

"கண்டுதான்!" என்றேன்.

கீர்த்தனன் தன் அறைக்கதவைச் சாத்தினான்.