முழம் தள்ளி நின்ற சிலேட்டு

ஞானையா வாத்தியாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. ஆனால் இது முத்துமாலையின் கதை. அந்த மனுஷனை விட்டுவிட்டு இவனைச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துமாலை ராதாபுரம் பக்கத்துச் சேரிக் கூலிக்காரர் மகன். 1911இல், தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குச் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அங்கே தையல் டீச்சர். ஞானையா தலைமை வாத்தியார். மூன்றாம் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் துரை வந்து யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு அது கிடைக்கும். முத்துமாலை அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தான்.

துரைக்குக் காட்ட அவனே ஒரு பாடம் யோசித்தான். இங்கிலீஷ் சொல்லைத் துண்டுதுண்டாகப் பிரித்து, சிலேட்டில் எழுதி, ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாட்ட வேண்டியது. 'தேங்க்' என்றால் நன்றி. பக்கத்தில் 'ஃபுல்' வந்து நின்றால் நன்றியுள்ள. அதோடு 'நெஸ்' வந்து ஒட்டினால் நன்றியுள்ள தன்மை. நெஸ்ஸுக்குத் தனியாக நின்றால் பிழைப்பில்லை, எதையாவது ஒட்டினால்தான் பொருள். பிள்ளைகள் ஒரே நாளில் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள்.

ஞானையா பாடத்தை அப்படியே தனதாக்கிக்கொண்டார். பெரிய ஆட்கள் நின்றால்தான் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, ஃபுல்லைத் தன் தங்கை மகன் ஜேசுதாசனுக்குக் கொடுத்தார். அவனுக்கும் அந்த வேலை மேல் ஒரு கண். தேங்க் பெரிய வகுப்புப் பையன் ஒருத்தனுக்கு. நெஸ் முத்துமாலைக்கு. ஓரத்தில் நிற்பவன் ஒருத்தன் மேல்தானே படுவான் என்ற கணக்கு! அதுவும் கூடாதாம்.

"ஏலே, ஒரு முழம் தள்ளி நில்லு. அவன் மேல பட்டுராத."

சீ! ஞாயிற்றுக்கிழமையானால், எல்லாருக்கும் ஒரே அப்பத்தில் பங்கு என்று பிரசங்கம் பண்ணுகிற வாய் அது.

துரை வந்தார். நடுவில் ஏன் இடைவெளி என்று கேட்டார். நெஸ் தனித்துண்டு என்று விளங்குவதற்காக என்று ஞானையா கூசாமல் புளுகினார். துரை தலையாட்டிவிட்டு, சரி, இப்போது சேர்த்துக் காட்டுங்கள் என்றார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும், பேசத்தான் வராது.

முத்துமாலை ஓரடி வைத்தான். ஜேசுதாசன் ஓரடி நகர்ந்தான். இவன் இன்னோர் அடி வைக்க, அவன் தேங்க் பையனையும் இடித்துத் தள்ளிக்கொண்டு சுவர் வரைக்கும் போய்விட்டான்.

"மாமா, கிட்ட வாரான் மாமா!"

ஞானையா முத்துமாலையின் சிலேட்டைக் கழற்றி, எழுத்து அழியாமல் கயிற்றையும் சட்டத்தையும் மேல்துண்டால் ஒரு துடை துடைத்து, ஜேசுதாசன் கழுத்திலேயே இரண்டாவதாக மாட்டினார். சொல் சேர்ந்துவிட்டது. துரை கைதட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாடம் முத்துமாலை போட்டது! அவன எதுக்குத் தள்ளுதிய?" என்று எழுந்து கத்தினேன். துரைக்குத் தமிழ் தெரியாது. தையல் டீச்சர் உங்களை வாழ்த்துகிறாள் என்று ஞானையா இங்கிலீஷில் சொல்ல, துரை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். தூ!

வேலை ஜேசுதாசனுக்குப் போயிற்று.

சாயங்காலம் ஞானையா முத்துமாலையைக் கூப்பிட்டார். "வருத்தப்படாதலே. படிக்க வச்சோம்லா, அந்த நன்றி இருக்கட்டும். அடுத்த வருசமும் நீதான் நெஸ்."

"இனி நிக்க மாட்டேன்யா" என்றான் அவன். "நான் இல்லாமலே ஒட்டிட்டுல்லா."

அந்த வாரமே தூத்துக்குடியில் கப்பலேறினான். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தே செத்தான் என்று அவன் ஊர்க்காரர் ஒருவர் பிறகு சொன்னார். பாடம் மட்டும் எங்கள் பள்ளியில் நிலைத்துவிட்டது. துரை வரும் நாளெல்லாம் கடைசிப் பையன் கழுத்தில் இரண்டு சிலேட்டு தொங்கும். புதுப் பிள்ளைகள் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார்கள்.