கிணத்தானுக்கு வைத்த தண்ணீர்

என் மாமனார் அரியமுத்து பூலாம்பாடிச் சுற்றுவட்டாரத்தில் நாற்பது கிணறுகளாவது வெட்டியிருப்பார். அவர் பெயரை எந்தக் கிணற்றிலும் எழுதி வைக்கவில்லை. தண்ணீர் ஊறினால் நிலத்துக்காரருடைய அதிர்ஷ்டம், ஊறாவிட்டால் வெட்டியவனுடைய ராசி. ஊர் நியாயம் அப்படித்தான் இருந்தது. நெட்டையான, ஒல்லியான ஆள். கண்ணிமையில்கூடக் கல்தூள் ஒட்டியிருக்கும். எந்நேரமும் மாவு மில்லிலிருந்து வருகிறவர் போல இருப்பார். அவருக்குப் பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. வேம்புக்கு இரண்டுமே கூடுதல் என்று என்னைப் பற்றி என் மாமியார் கொளஞ்சியம்மாள் சொல்வார். அதில் ஒன்றும் பொய்யில்லை.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1975 வைகாசியில். அவர்களுடைய ஒரே மகன் தங்கராசுவைக் கட்டிக்கொண்டு வந்தேன். மாமியார் ஆரத்தி கரைத்துக் கொண்டுவருவதற்குள் ஒரு கிடாக்குட்டி வந்து என் கழுத்து மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. நான் ஒரு உதை விட்டேன். புதுப்பெண் உதைக்கிறாள் என்று பந்தலில் ஒரே சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்காமல் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குக் கிணத்தான் என்று பெயர். பாழுங்கிணறு ஒன்றைத் தூர் எடுக்க இறங்கியபோது சேற்றில் கழுத்துவரை புதைந்து கிடந்த குட்டியை அவர் தோளில் போட்டு மேலே கொண்டுவந்திருந்தார். யாரும் தங்கள் ஆடு என்று தேடி வரவில்லை. அதன் காதெல்லாம் சேறு அடைத்திருந்ததாம். விரலால் எடுத்தது போக மிச்சத்தை வாயால் ஊதி வெளியேற்றியிருக்கிறார். ஊதியதும் குட்டி தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறி எழுந்து நின்றிருக்கிறது.

அன்றிலிருந்து அது இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. அவர் எந்தக் கிணற்றுக்கு வேலைக்குப் போனாலும் அதுவும் பின்னாலேயே போகும். மண்மேட்டில் படுத்துக்கொண்டு அவர் இறங்கிய குழியையே பார்த்துக்கொண்டிருக்கும். சாயந்திரம் அவர் வடத்தைப் பிடித்து ஏறி வந்ததும் அதன் காதில் படிந்த கல்தூளை ஒரு தடவை ஊதுவார். அது உடம்பைச் சிலிர்த்து உதறும். பிறகு இருவரும் வீட்டுக்கு வருவார்கள். பெற்ற மகனிடம்கூட இவ்வளவு கொஞ்சல் கிடையாதே என்று நான் அடுப்படியில் முணுமுணுத்திருக்கிறேன்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் அந்த விபத்து நடந்தது. என் வீட்டுக்காரரும் அப்பாவோடுதான் கிணறு வெட்டப் போய்க்கொண்டிருந்தார். கீழே அவர் கூடையில் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, பக்கச்சுவர் மொத்தமாகச் சரிந்து அவரை மூடிவிட்டது. மாமா மேலேயிருந்து இறங்கிக் கையாலேயே தோண்டினார். தோண்டத் தோண்ட மண் இறங்கிக்கொண்டே இருந்ததாம். அப்போதுதான் எல்லைக் கருப்பைக் கூப்பிட்டு, பையனைக் கொடுத்துவிடு, என் கிணத்தானை உனக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று கத்தினார். மேலே நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அடுத்த கை மண்ணில் என் வீட்டுக்காரருடைய தலைமுடி தட்டுப்பட்டது. உயிரோடு மேலே கொண்டுவந்துவிட்டார்கள்.

வேறு ஒரு கிடா வாங்கி விட்டுவிடலாமே என்று மாமியார் கேட்டுப் பார்த்தார். கருப்பு கோயில் பூசாரி சாமிதுரை ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் சொல்லி நேர்ந்ததை மாற்றக்கூடாது என்றார். மாமா தையில் செய்யலாம் என்றார். தை வந்ததும் ஆடியில் பார்க்கலாம் என்றார். இப்படியே கிடா வளர்ந்து, தாடி வைத்து, என் உயரத்துக்குப் பாதி வந்துவிட்டது.

1978இல் நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரி மருந்தில் தணியும். பத்து நாளில் மறுபடி வந்து படுக்கவைத்துவிடும். கருப்பு கடனை ஞாபகப்படுத்துகிறார் என்று ஆளாளுக்கு வந்து என் காதில் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு ராத்திரி பகல் தெரியாத பயம். ஒருநாள் மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, உங்களுக்கு ஆடு பெரிதா மகன் பெரிதா என்று கேட்டுவிட்டேன். அவர் தட்டைத் தள்ளவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

எங்கள் பக்கத்தில் கிடாவைக் கேட்காமல் வெட்ட மாட்டார்கள். சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். கிடா தானாக உடம்பைச் சிலிர்த்தால்தான் சம்மதம். அதற்கு உத்தரவு என்று பெயர். உத்தரவு கொடுத்துவிட்டு வெட்டுப்படும் ஆடு நேராகக் கருப்பின் பட்டிக்குப் போய்விடும். அங்கே அதற்குப் பசி தாகம் கிடையாது. பட்டியில் இருந்து முடித்து அடுத்தாற்போல் மனிதப் பிறவி எடுக்கும். சம்மதம் கொடுக்காத ஆட்டை வெட்டினால் அது பட்டிக்கும் போகாது, எந்த வயிற்றிலும் போய்ப் பிறக்காது. யாரை நம்பி நின்றதோ அவர் காலடியிலேயே தாகத்தோடு சுற்றும். இதெல்லாம் எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தந்து தெரிந்துகொள்வதில்லை. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிணத்தான் தானே நடந்து கோயிலுக்கு வந்தது. மாமா முன்னால் போனார், அது பின்னால் வந்தது, அவ்வளவுதான். கயிறுகூடக் கட்டவில்லை. வேலைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும். காலையிலிருந்து அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பூசாரி முதல் சொம்புத் தண்ணீரைத் தெளித்தார். கிணத்தான் அசையவில்லை. மூக்கின் வழியே வழிந்த மஞ்சள் தண்ணீரை நாக்கால் நக்கிக் குடித்தது. இரண்டாவது சொம்பு. அப்போதும் நக்கியது. மூன்றாவது சொம்புக்கு அது மாமாவின் வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றது. கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள். வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று யாரோ என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சாமிதுரை சூடத்தைக் காட்டிவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"கருப்புக்கு இதுல மனசு இல்லபோல இருக்கு. அப்புடியே வுட்டுடுங்க. சாமி பேர்ல திரியட்டும்" என்றார்.

மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அந்த நிமிடம் அவர் கிடாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். பூசாரியே சொல்லிவிட்டார், சாமி கேட்கவில்லை, ஒரு குறையும் இல்லை. ஆனால் என் புத்தி வேறு மாதிரி போயிற்று. ஆட்டை வேண்டாம் என்றால் கருப்பு ஆளைத்தானே கேட்கிறார் என்று பட்டது. வீட்டில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடக்கிறார், வயிற்றில் பிள்ளை. தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் மெதுவாகச் சொன்னேன்.

"மாமா, காதுல ஊதுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் குனிந்து, கிடாவைத் தடவிக்கொடுப்பது போல அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் ஒரு தடவை ஊதினார். சாயந்திரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று அது புரிந்துகொண்டிருக்கும். தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து உதறியது. உத்தரவு ஆயிற்று என்று கூட்டம் சத்தம் போட்டது. அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

கறிச்சோறு போட்டோம். ஊரே வந்து சாப்பிட்டது. மாமா வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். நான் சாப்பிட்டேன். பிள்ளைத்தாய்ச்சிப் பசி, இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுகிற மற்றதும் பொய்யாகிவிடும்.

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் நின்றது. பெரம்பலூர் டாக்டர் அந்த வாரம்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார். எதனால் நின்றது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மாமா கிணற்றிலிருந்து ஒரு கருங்கல்லை வண்டியில் ஏற்றி வந்தார். வேலை இல்லாத நாட்களில் உட்கார்ந்து உளியால் கொத்தி அதைத் தொட்டியாக்கினார். வாசலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் போட்டு, தினமும் காலையில் முகம் கழுவுவதற்கு முன் அதில் தண்ணீர் ஊற்றி நிரப்புவார். காக்கை குடிக்கும், தெரு ஆடுகள் குடிக்கும். யாரையும் விரட்ட விடமாட்டார். சாயந்திரம் வந்ததும் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். ஊருக்கெல்லாம் தண்ணிப்பந்தல் வைக்கிறாராக்கும் என்று மாமியார் கேலி செய்வார். கிணத்தானுக்கு வைக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து அவர் கறி தொடவில்லை. நானும் விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

செத்த ஆடு எங்கே போகும் என்று அவர் ஆள் ஆளாகக் கேட்டுப் பார்த்தார். நேராகக் கேட்க மாட்டார், சுற்றி வளைத்துக் கேட்பார். உத்தரவு கொடுத்த ஆட்டுக்கு என்ன கவலை என்று சாமிதுரை சொல்லிவிட்டார். அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது? பெரம்பலூரில் கறிக்கடை வைத்திருந்த ஷரீப் பாயிடமும் போய்க் கேட்டிருக்கிறார். கறி வாங்காத ஆள் கறிக்கடையில் வந்து நிற்கிறாரே என்று பாய் உட்காரவைத்துப் பேசினாராம். கடைசித் தீர்ப்புச் சொல்லும் கியாமத்து நாளில் ஆடு மாடுகளையும் அல்லா எழுப்புவான், கொம்புள்ள ஆடு கொம்பில்லாத ஆட்டை முட்டியிருந்தால் அதற்கும் அன்றைக்கு நியாயம் வாங்கித் தருவான் என்று பாய் சொன்னார். வீட்டுக்கு வந்து மாமா அதை என்னிடம் சொன்னபோது, அதைக் கேட்டு உங்களுக்குப் பயமாக இல்லையா என்றேன்.

"என்னா பயம் ஆயி? நிக்கவச்சுக் கேப்பாங்கன்னா அவன் வருவான்ல? எப்புடியும் ஒரு தடவ பாத்துடலாம்" என்றார். என்னை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

அதற்குப் பிறகு உயிரோடு இருந்த எட்டு வருடத்தில், நான் ஊதச் சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபத்தில்கூட இல்லை. நான் எத்தனையோ தடவை அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். பதிலுக்கு, நீதானே சொன்னாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவர் கேட்கவே இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற நான் குடத்தை எடுத்தால்கூட வாங்கிக்கொள்வார்.

கிணறு வெட்டுகிறவர்களுக்குக் கல்தூள் நெஞ்சில் இறங்கிவிடும். 1986 பங்குனியில் அவரால் நான்கு எட்டு எடுத்துவைக்க முடியவில்லை. மூச்சு உள்ளே போகும்போது விசில் அடித்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். கட்டிலை வாசலைப் பார்த்துப் போட்டோம். கடைசி நாள் காலையில் மாமியார் பாலைக் கொண்டுவந்து வாயில் விட்டார், இறங்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் வாயை இறுக்கிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. ஓடிப்போய்த் தொட்டியை நிரப்பினேன். எட்டு வருடத்தில் முதல் தடவை என் கையால் நிரப்பினேன். திரும்பி வந்ததும் வாயைத் திறந்தார்.

மாமியார் உள்ளே போயிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே இல்லை என்று தோன்றியது. அவர் காதருகே குனிந்தேன்.

"மாமா, அங்க கிணத்தான் வந்து கேட்டா, வேம்புதான் ஊதச் சொன்னான்னு சொல்லிடுங்க. நீங்களே சொமந்துகிட்டு நிக்காதீங்க."

அவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார்.

"நீ சொன்னியா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே ஆயி. நானாத்தான் ஊதுனேன்."

பச்சைப் பொய். கேட்காதவர் எதற்காகத் திரும்பிப் பார்த்தார்? அந்தப் பார்வையை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது. என் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் கிணத்தானைப் பார்க்கப் போனார்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. தொட்டியை இப்போது நான்தான் நிரப்புகிறேன். கருப்பின் பட்டி என்று ஒன்று இருக்கிறதா, கியாமத்து நாள் வருமா, ஆட்டுக்கு மறுபிறவி உண்டா என்றெல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கே இருந்தாலும் அந்தக் கிடாவுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது. அதனால் தினமும் குடத்தைச் சாய்க்கும்போது பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.

"கிணத்தான், ஊதச் சொன்னது நான். வேம்பு."