பூத்திருக்கு என்று ஒரு பாட்டு

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கிச்சனில் பாத்திரம் கழுவினேன். அங்கே காலையிலிருந்து ஜாஸ் ஓடும். கேட்டுக் கேட்டே பாட வந்துவிட்டது. பாதி வரிக்கு அர்த்தம் தெரியாது. பிறகு கெஸ்ட்டுகள் முன்னால் பாட வைத்தார்கள். முதல் ஆல்பம் முழுக்க அடுத்தவர்களுடைய இங்கிலீஷ் பாட்டு. இரண்டாவதில் எல்லாம் நீயே எழுதினதாக இருக்கட்டும் என்றார் பியானோ வாசிக்கும் அண்ணன். சென்னைக்காரர். ஸ்டூடியோவும் அவருடையதுதான்.

அதில் ஒரு பாட்டு என் அப்பாவுக்கு.

அப்பா மரக்காணத்தில் உப்பளக் கூலி. ஒரு சித்திரை வெயிலில் பாத்தி ஓரமாகக் குப்புற விழுந்து கிடந்தார். நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டது. வேர்வை காய்ந்து சட்டை முதுகெல்லாம் வெள்ளையாக இருந்தது. அம்மா அதைத்தான் தடவிக்கொண்டே இருந்தாள். எங்கள் ஆட்கள் அதை உப்பு என்று சொல்வதில்லை. பாத்தியில் உப்பு பிடித்தாலும் சரி, சட்டையில் படிந்தாலும் சரி, பூத்திருக்கு என்போம்.

‘உன் முதுகெல்லாம் பூத்திருக்கு, யாரு தொட்டுப் பாப்பா’ என்று எழுதினேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன்.

“அப்பாவப் பத்தி ஒரு பாட்டு போடப் போறேம்மா.”

“போடு. ஒப்பாரி மட்டும் வெக்காத. அன்னிக்கிக் காத்தால கூட என்னக் கிண்டல் பண்ணிட்டுதான் போனாரு.”

“இன்னா கிண்டல்?”

“அதெல்லாம் உங்கிட்ட சொல்வாங்களா. போடி.”

அண்ணனிடம் பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். “முதுகெல்லாம் பூ. செம ரொமான்டிக்மா” என்றார். அம்மா தடவினதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பாட்டு யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வரியிலேயே இருக்கிறதே.

பாண்டிச்சேரியிலிருந்து ட்ரம்பெட் வாசிப்பவர் வந்தார். விரல் சொடுக்குகிற வேகத்தில் போட்டார்கள். எனக்குப் பிடித்தது. அப்பா சிரித்துக்கொண்டே வேலைக்குப் போகிற மாதிரி இருந்தது. ஒப்பாரி வேண்டாம் என்று அம்மா சொன்னதும் இதைத்தான் என்று இருந்தேன்.

கேட்டுப் பார்க்க அம்மா பஸ் ஏறி வந்தாள். அண்ணன் ஹெட்போனை மாட்டிவிட்டார். “லவ் சாங்மா. கல்யாண வீட்லல்லாம் போடுவாங்க பாருங்க.”

அம்மா முழுதும் கேட்டாள். கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“நல்லா ஆடலாம்” என்றாள்.

அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“அது இன்னா பூவு சார்?”

“மல்லின்னு நெனச்சேம்மா.”

“உப்பு சார். எங்க வூட்டுக்காரரு செத்துக் கெடந்தப்ப முதுகுல இருந்த உப்பு.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். மன்னிச்சிடுங்கம்மா என்று அம்மாவிடம் சொன்னார். “உங்களுக்கு எப்பிடித் தெரியும், வுடுங்க” என்று அம்மா பையை எடுத்துக்கொண்டாள். டீ வந்தது. குடிக்காமல் போனாள்.

ட்ரம்பெட்டை எடுத்துவிட்டோம். மெதுவாக்கினோம். விஷயம் தெரிந்த பிறகு பியானோவில் அண்ணன் விரல் தானாகவே சோகமாகப் போனது. என் குரலும் அப்படித்தான். எப்படிப் பாடினாலும் ஒப்பாரி. அம்மா வேண்டாம் என்றதே அதைத்தான். திரும்ப வேகமாகப் பாடினால் எனக்கே மல்லிப்பூதான் தெரிந்தது. நடுவில் ஒரு வேகம் இருக்கும் என்று அவர் தேடிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன். கிடைக்கவில்லை. நான் முதலில் போட்ட மெட்டும் மறந்து போனது. பாத்திரம் கழுவும்போது தானாக வந்த மெட்டு அது.

“இத வுட்டுடலாண்ணா” என்றேன்.

மற்ற பாட்டோடு ஆல்பம் வெளியானது. நன்றாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். வீட்டில் அம்மாவுக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். சுவரில் சாய்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டாள்.

“இதுல அவரு எதுல வர்றாரு?”

“எதுலயும் இல்லம்மா.”

“ம்” என்றாள். போனை எடுத்துப் பார்த்தாள்.

“சார்ஜ் போவுது பாரு. நிறுத்து.”