காலம் இடித்த தெரு

கிரான்வீக் ஊரில் ஆலைத் தெரு என்று ஒன்று இருந்தது. அங்கே கீழே காபிக்கடை, மேலே குடித்தனம் என்று வாழ்ந்தவள் மைலிஸ் ராஸ்க். 1969-இல் தெருவையே இடித்துப் பெரிய பல்பொருள் அங்காடி கட்ட நகராட்சி முடிவெடுத்தது. அவளும் கணவன் ஈவரும் மட்டும் காலி செய்ய மறுத்தார்கள். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போதே போலீஸ்காரர்கள் இருவரையும் வெளியே இழுத்துப்போட்டார்கள். அங்காடியும் இருபது வருடம் தாங்கவில்லை. இன்று அங்கே கார்கள் நிற்கின்றன. ஊர்க்கோடி அடுக்குமாடியில் யாரோடும் பேசாமல் கிடந்தே ஈவர் செத்துப்போனான்.

போன இலையுதிர் காலத்தில் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் நூலகத்தில் ஊரின் பழைய மரவீடுகளைப் பற்றி 'நாம் இழந்த மரநகரம்' என்று புகைப்படக் கண்காட்சி வைத்தது. சங்கத் தலைவர் ஸ்டூரே ஹெக்மார்க். அன்று நகர்மன்றத்தில் இடிக்கச் சொல்லி முதலில் கை தூக்கியவரும் அவரே.

"எப்பேர்ப்பட்ட அழகு! எல்லாம் காலத்தோட போயிடுச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஸ்டூரே.

"காலமா வந்து இடிச்சுது? நீதானேய்யா இடிச்ச!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள் மைலிஸ்.

கூட்டம் காபிக் கோப்பைக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டது. அந்த ஊரில் யாரும் சபையில் குரலை உயர்த்துவதில்லை. மைலிஸ் தன் வீட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றாள். கீழே 'உரிமையாளர்கள் மனமுவந்து விற்றது' என்று எழுதியிருந்தது. படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மைலிஸ், அது சங்கத்துச் சொத்து!" என்றார் ஸ்டூரே.

"என் வீட்டையும் இப்படித்தான் நகராட்சிச் சொத்துன்ன."

"போலீசக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடு. என்னைத் தூக்கிட்டுப் போறது அவங்களுக்குப் பழக்கந்தான்."

போலீஸ் வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைதான் வந்தது. செய்தி வெளியானதும் ஆலைத் தெருக்காரர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சங்கத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினார்கள். ஸ்டூரேயே அவள் வீட்டு வாசலுக்கு வந்து, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். உள்ளே கூப்பிடாமல், நிற்க வைத்தே சொன்னாள்.

மறுவாரம் படம் சுவருக்குத் திரும்பியது. கூடியிருந்தவர்கள் முன் புதிய வாசகத்தை ஸ்டூரே முணுமுணுப்பாகப் படித்தார்: "நகராட்சி பறித்துக்கொண்டது. ஈவரும் மைலிஸும் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். இடிப்பதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் ஸ்டூரே ஹெக்மார்க்கும் ஒருவர்."

"சத்தமா படி. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள் மைலிஸ்.

அவர் மறுபடி படித்தார். யாரோ மைலிஸிடம் காபி நீட்டினார்கள். அதைத் தொடாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.